மீசையில்லாத் தாடி: ஓர் அடையாளத்தின் வரலாறும் இறையியலும்

திருச்சபை வரலாற்றைப் பயிலும் நாம் சங்கங்களின் தீர்மானங்களையும், விசுவாச அறிக்கைகளையும், இறையியல் அறிஞரின் நூல்களையுமே பெரும்பாலும் மூலங்களாகக் கொள்கிறோம். ஏர் உழுதும் நெசவு நெய்தும் வாழ்ந்த எளிய விசுவாசிகள் நூல்கள் எழுதவில்லை. அவர்கள் தம் நம்பிக்கையை உடையிலும், உணவிலும், உடலிலுமே எழுதி வைத்தனர். அத்தகைய எழுத்துகளுள் ஒன்று ஆமிஷ் சபையாரின் தாடி. மணமான ஆமிஷ் ஆண்மகன் தாடியை முழுமையாக வளர்க்கிறான். மேலுதட்டை மட்டும் மழித்து விடுகிறான். காண்போர் இதனை விந்தையென்று நகைப்பதுண்டு. ஆயினும் நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சபை வரலாறும், போர், அமைதி, கீழ்ப்படிதல் ஆகியவை பற்றிய ஓர் இறையியலும் அந்தத் தாடியில் அடங்கியுள்ளன.

தமிழ் வாசகருக்கு இதன் உட்பொருளை விளக்குவது அத்துணைக் கடினமன்று. ‘மீசை முறுக்குதல்’ என்னும் தொடர் நம் மொழியில் எதைக் குறிக்கிறது என்பதை நாம் அறிவோம். வீரம், செருக்கு, அறைகூவல் ஆகிய மூன்றும் நம் வழக்கில் மீசையைப் பற்றியே நிற்கின்றன. கிராம எல்லையில் வாளேந்தி நிற்கும் காவல் தெய்வத்தின் முகத்தில் மீசையே முதலில் கண்ணில் படுகிறது. தாடி வேறு வகையைச் சார்ந்தது. அது துறவிக்கும் முதியவருக்கும் துயருற்றவருக்கும் உரியதாக எண்ணப்படுகிறது. ஐரோப்பாவின் ஆமிஷ் முன்னோரும் இவ்விரண்டையும் ஏறத்தாழ இவ்வாறே பிரித்துக் கண்டனர்.

திருமறையில் தாடி

பழைய ஏற்பாட்டில் தாடி ஆண்மகனின் மதிப்பாகும். அம்மோனியரின் அரசனாகிய ஆனூன் தாவீதின் தூதுவர்களுக்குப் பாதித் தாடியைச் சிரைத்து அனுப்பியது போருக்கே காரணமாயிற்று. தாடி மீண்டும் வளருமட்டும் எரிகோவிலே தங்கியிருக்கும்படி தாவீது அவர்களுக்குச் சொல்லியனுப்பினான் (2 சாமுவேல் 10). ஏசாயாவின் ஊழியர் பாடலில் துன்புறும் ஊழியர் தம் தாடைமயிரைப் பிடுங்குவோருக்கு முகத்தை மறைக்காது நிற்கிறார் (ஏசாயா 50:6). தாடியின் ஓரங்களைக் கெடுத்துக் கொள்ளலாகாது என்று லேவியராகமம் 19:27 இஸ்ரவேலர் அனைவருக்கும், 21:5 ஆசாரியருக்கும் கட்டளையிடுகின்றன.

இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். தாடிக்கு எபிரேயத்தில் ‘சாக்கான்’ என்று பெயர். மீசைக்கு ‘சாபாம்’ என்னும் தனிச்சொல் உண்டு. லேவியராகமக் கட்டளைகள் இரண்டும் ‘சாக்கான்’ பற்றியவை. மீசையை மழிக்க வேண்டுமென்று திருமறையில் எவ்விடத்தும் விதி இல்லை. எனவே ஆமிஷ் தாடியின் முதற்பாதியாகிய வளர்த்தலுக்கு வசன ஆதாரம் காட்டலாம். மறுபாதியாகிய மழித்தலுக்குக் காட்டவியலாது. அது ஒரு சமூகம் தன் காலத்து உலகை உற்றுநோக்கி எடுத்த முடிவாகும். இந்த மறுபாதியே நம் ஆய்வுக்குரியது.

பொதுச் சபையின் வழக்குகள்

தாடியைப் பற்றிய வாதம் ஆமிஷரோடு தொடங்கியதன்று. அலெக்சாந்திரியாவின் கிளமெந்து தாடியை ஆணுக்குப் படைப்பிலேயே அருளப்பட்ட அடையாளமாகக் கருதினார். தெர்த்துல்லியன் தாடியை அழகுக்காகத் திருத்திக்கொள்ளும் ஆடவரைக் கடிந்துரைத்தார். பிற்காலத்தில் கிழக்குச் சபையின் குருக்கள் தாடி வளர்க்க, மேற்குச் சபையின் குருக்கள் மழிக்கலாயினர். 1054-இல் கார்தினால் உம்பெர்த்து கான்ஸ்தாந்திநோபிளில் வைத்த புறம்பாக்கல் ஏட்டில், தாடி மழித்தவருக்குக் கிரேக்கர் திருவிருந்தில் இடமளிப்பதில்லை என்பதும் ஒரு குற்றச்சாட்டாக இடம்பெற்றது. ஒரே ஆண்டவரை அறிக்கையிட்ட இரு பெரும் சபைகள் பிரிந்தபோது தாடியும் சாட்சிக் கூண்டில் ஏற்றப்பட்டது.

பதினாறாம் நூற்றாண்டில் இவ்வடையாளம் புதுப்பொருள் பெற்றது. துறவியாயிருந்த லூத்தர் 1521-22-இல் வார்ட்பர்க் கோட்டையில் மறைந்து வாழ்ந்தபோது தாடி வளர்த்து, ‘யோர்க்’ என்னும் வீரராக உருமாறினார். தாடி இங்கே குருத்துவத்தை மறைக்கும் திரை. 1547-இல் எட்டாம் ஹென்றி மறைந்தபின் பேராயர் கிரான்மர் தாடி வளர்த்தார். கால்வின், புல்லிங்கர், நாக்ஸ் ஆகியோரும் தாடியுடன் காட்சியளித்தனர். மழித்த முகம் பழைய குருத்துவத்தை நினைவூட்டியதால், தாடி சீர்திருத்தத்தின் அடையாளமாயிற்று எனலாம்.

மறுதிருமுழுக்கினரும் வாளும்

1525 சனவரி 21 அன்று சூரிக் நகரில் கொன்ராட் கிரேபெல், பெலிக்ஸ் மான்ஸ், யோர்க் பிளவ்ராக் முதலியோர் ஒருவருக்கொருவர் திருமுழுக்களித்துக் கொண்டனர். பகைவர் இவர்களுக்கு ‘அனபாப்திஸ்துகள்’, அதாவது மறுதிருமுழுக்கினர், எனப் பெயரிட்டனர். 1527 சனவரி 5 அன்று மான்ஸ் லிம்மாத் ஆற்றில் மூழ்கடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு பிப்ரவரி 24 அன்று மிக்காயேல் சாட்லரின் தலைமையில் ஷிலைத்தைம் அறிக்கை ஏற்கப்பட்டது. அதன் ஏழு பிரிவுகள் திருமுழுக்கு, விலக்கம், அப்பம் பிட்குதல், உலகிலிருந்து பிரிதல், மேய்ப்பர், வாள், ஆணையிடுதல் ஆகியவற்றைப் பற்றியவை. கிறிஸ்துவின் நிறைவுக்குப் புறம்பே இறைவன் அரசுக்கு வாளை நியமித்துள்ளார் என்றும், கிறிஸ்துவின் நிறைவுக்குள் வாழ்வோர் அதனை ஏந்தலாகாது என்றும் அவர்கள் கற்பித்தனர். மே 20 அன்று சாட்லர் கொடிய வதைக்குப் பின் எரித்துக் கொல்லப்பட்டார்.

ஏழு பிரிவுகளுள் ஒன்றிலும் தாடியைப் பற்றிய சொல் இல்லை. டச்சு மென்னோனைட்டர் 1632-இல் ஏற்ற தோர்த்ரெக்ட் அறிக்கையின் பதினெட்டுப் பிரிவுகளிலும் இல்லை. ஆகவே முதலில் தோன்றியது தாடியன்று. வாளை மறுக்கும் நம்பிக்கையே. அந்நம்பிக்கைக்காக ஆற்றிலும் நெருப்பிலும் மடிந்தோரின் பேரப்பிள்ளைகளே பின்னர் அதற்கு உடலில் ஓர் அடையாளம் தேடினர்.

யாக்கோபு அம்மனும் 1693-ஆம் ஆண்டுப் பிளவும்

துன்புறுத்தல் தணியத் தணிய உலகப்போக்கு சபைக்குள் நுழைவது இயல்பு. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்திலும் அல்சாஸ் நாட்டிலும் வாழ்ந்த மறுதிருமுழுக்கினர் அண்டை வீட்டாரோடு நல்லுறவு கொண்டு அமைதியாய் வாழத் தலைப்பட்டனர். இவ்வமைதியில் சீடத்துவம் தேய்கிறது என்று அஞ்சியவர் யாக்கோபு அம்மன். 1644-இல் பெர்ன் மாநிலத்தில் பிறந்து தையல் தொழில் செய்த இவர், சபையின் மூப்பராக உயர்ந்தார். விலக்கப்பட்டவரோடு உணவு உண்ணாமை, திருவிருந்தில் கால் கழுவுதல், எளிய உடை ஆகியவற்றை வலியுறுத்தினார். உலக நாகரிகத்துக்கு ஒத்துப்போகத் தாடியைத் திருத்துவோர் ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியவர் என்றும் கற்பித்தார். ஹான்ஸ் ரைஸ்ட் தலைமையிலான மூப்பர் இணங்காமையால் 1693-இல் சபை பிளவுற்றது. அம்மனைப் பின்பற்றியோரே ஆமிஷர்.

பிற்காலத்தில் அம்மன் தம் கடுமைக்காக வருந்தித் தம்மையே விலக்கத்துக்கு உட்படுத்திக்கொண்டு ஒப்புரவு நாடினார். ஆயினும் பிளவு ஆறவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆமிஷர் அட்லாந்திக் கடலைக் கடந்து பென்சில்வேனியாவில் குடியேறினர். ஐரோப்பாவில் எஞ்சிய கடைசி ஆமிஷ் சபை 1937-இல் மென்னோனைட்டரோடு இணைந்து மறைந்தது. அமெரிக்காவிலோ அவர்தம் தொகை பெருகி, 2024-இல் ஏறத்தாழ 4 லட்சம் என மதிப்பிடப்பட்டது.

மீசை ஏன் விலக்கப்பட்டது?

மீசை படைவீரனின் அணி என்பதே ஆமிஷ் மரபு தரும் விளக்கம். ஐரோப்பிய வரலாறு இதனை நன்கு விளங்கவைக்கிறது. ஹங்கேரியின் குதிரைப்படையினரான ஹுசார்கள் முறுக்கிய மீசைக்குப் பெயர் பெற்றவர்கள். பிற நாட்டுப் படைகளும் அவர்களைப் பின்பற்றின. நெப்போலியனின் காவற்படை வீரருக்கு மீசை பெருமைக்குரிய அடையாளமாயிருந்தது. பிரிட்டிஷ் படையில் மேலுதட்டை மழிக்கலாகாது என்ற விதி 1916 அக்டோபர் வரை நடைமுறையில் இருந்தது. படைவீரனின் உடல் அரசுக்குரியது. மேலுதடும் அவ்வுடலின் ஒரு பகுதியே.

இதன் கசப்பான சான்று நம் மண்ணிலேயே உண்டு. 1805 நவம்பரில் சென்னைப் படையின் புதிய விதிகள், சிப்பாய்கள் நெற்றிக்குறியும் காதணியும் அணியலாகாது, தாடியை மழிக்க வேண்டும், மீசையை ஒரே அளவாகவும் வடிவாகவும் வைக்க வேண்டும் எனக் கட்டளையிட்டன. தோல் பட்டை தைத்த புதிய தலைப்பாகையும் புகுத்தப்பட்டது. இவையெல்லாம் தம்மைக் கிறிஸ்தவராக்கும் சூழ்ச்சியென இந்து, முஸ்லிம் சிப்பாய்கள் அஞ்சினர். 1806 சூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் கிளர்ச்சி வெடித்தது. இருதரப்பிலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். ஆமிஷரின் மழிப்பும் வேலூர்ச் சிப்பாயின் மறுப்பும் எதிரெதிரானவை போலத் தோன்றினும், மனச்சான்றின் எல்லையைப் படை தாண்டலாகாது என்பதில் ஒன்றுபடுகின்றன.

மீசையோடு பொத்தானும் விலக்கப்பட்டது. படைவீரனின் மேலங்கியில் வரிசையாக மின்னிய பொத்தான்கள் போர்ச் செருக்கின் சின்னமாகத் தோன்றின என்று விளக்குவதுண்டு. ஆமிஷ் ஆடவர் மேலங்கியை இன்றும் கொக்கியும் வளையமும் கொண்டு மாட்டுகின்றனர். இதனாலேயே மென்னோனைட்டரைப் ‘பொத்தான்காரர்’ என்றும் ஆமிஷரைக் ‘கொக்கிக்காரர்’ என்றும் அழைக்கும் வழக்கு எழுந்தது.

வளர்ப்பும் பேணுதலும்

பெரும்பாலான ஆமிஷ் சபைகளில் மணமாகாத இளைஞர் முகத்தை முழுவதும் மழித்துக் கொள்வர். திருமணத்தோடு தாடி தொடங்குகிறது. சில சபைகளில் திருமுழுக்குப் பெற்றதுமே தொடங்குவதுண்டு. மணமோதிரம் அணியாத இச்சமூகத்தில் தாடியே மணமானதற்குச் சான்றாகும். திருமுழுக்குப் பெறாதவருக்கு அங்கே திருமணம் இல்லை. ஆகவே தாடி, உடன்படிக்கை இரண்டையும் ஒருங்கே அறிவிக்கிறது.

கன்னத்திலிருந்து மோவாய் வரை தாடி இயல்பாக இறங்குகிறது. மேலுதட்டுக்கு மட்டும் கத்தி செல்கிறது. கடுமையான சபைகளில் தாடியைக் கத்தரிப்பதே இல்லை. தளர்ந்த சபைகளில் ஓரளவு ஒழுங்கு செய்ய இடமுண்டு. எந்த அளவு தகும் என்பதை ‘ஒர்ட்னுங்’ என்னும் சபை ஒழுங்கு வரையறுக்கிறது. இது பெரும்பாலும் எழுதப்படாதது. ஆண்டுக்கு இருமுறை, திருவிருந்துக்கு முன்பு, சபையார் கூடி இவ்வொழுங்கை ஏற்று ஒப்புரவான பின்னரே அப்பம் பிட்கின்றனர். இவ்வாறு ஒருவன் தன் தாடியின் நீளத்தையும் தானே முடிவு செய்யாமல் சபையின் கையில் விடுகிறான். தன் விருப்பத்தை இறைவனுக்கும் சபைக்கும் கையளித்தலை அவர்கள் ‘கெலாசென்ஹைட்’ என்பர். நாள்தோறும் கண்ணாடியின் முன் கத்தியெடுக்கும் ஆமிஷ் விவசாயி, வாளை ஏந்தேன் என்று தன் முன்னோர் உரைத்ததைச் சொல்லின்றி மீண்டும் அறிக்கையிடுகிறான்.

அடையாளம் தானாகப் பேசுவதில்லை

எனினும் இதே தாடி வேறிடத்தில் வேறு பொருள் தருகிறது. 1860 அக்டோபரில் கிரேஸ் பெடெல் என்னும் பதினொரு வயதுச் சிறுமி, தாடி வைத்தால் அதிக வாக்குகள் கிடைக்கும் என்று ஆபிரகாம் லிங்கனுக்குக் கடிதம் எழுதினாள். லிங்கன் வளர்த்ததும் மீசையில்லாத் தாடியே. அதே முகத்தோடுதான் அவர் 1861 முதல் 1865 வரை பெரும்போர் ஒன்றை நடத்தினார். அப்போரிலே அமைதிச் சபைகளின் இளைஞர் வடக்கில் 300 டாலரும் தெற்கில் 500 டாலரும் செலுத்திப் படைச்சேவையினின்று விலக்குப் பெற்றனர். போரை நடத்தியவரின் முகத்திலும் போரை மறுத்தவரின் முகத்திலும் ஒரே வடிவத் தாடி! நம் அண்டையில் வாழும் இஸ்லாமியருள் பலர் மீசையைக் குறைத்துத் தாடியை வளர்ப்பது நபியின் வழிமுறையைப் பின்பற்றுவதாகும். வடிவம் ஒன்று; பொருள் வெவ்வேறு. ஓர் அடையாளம் எதைச் சொல்கிறது என்பதை அதைத் தாங்கும் சமூகத்தின் வாழ்வே தீர்மானிக்கிறது.

விலை கொடுத்த அடையாளம்

முதல் உலகப்போரின்போது மறுதிருமுழுக்கினரின் மற்றொரு கிளையான ஹட்டரைட்டர் நால்வர், தெற்கு தகோத்தாவிலிருந்து படைமுகாமுக்கு அனுப்பப்பட்டனர். யோசேப்பு, மிக்காயேல், தாவீது என்னும் ஹோபர் சகோதரர் மூவரும் யாக்கோபு விப்பும் அந்நால்வர். இரயிலிலேயே உடன் சென்ற இளைஞர் அவர்தம் முடியையும் தாடியையும் வெட்ட முற்பட்டனர். சீருடை அணிய மறுத்ததால் அவர்கள் அல்கத்ராஸ் தீவின் நிலவறையில் குளிரில் வாடினர். போர் 1918 நவம்பர் 11 அன்று ஓய்ந்தது. அவர்தம் சிறைவாசம் ஓயவில்லை. லெவன்வொர்த் சிறைக்கு மாற்றப்பட்டபின் நவம்பர் 29 அன்று யோசேப்பும் டிசம்பர் 2 அன்று மிக்காயேலும் இறந்தனர். யோசேப்பின் மனைவி அவருடைய உடலைக் காண வந்தபோது, உயிரோடிருந்தவரை அவர் அணிய மறுத்த சீருடையே சடலத்துக்கு அணிவிக்கப்பட்டிருந்தது.

இரண்டாம் உலகப்போரின் காலத்தில் அரசு ஓரளவு மனம் மாறி மாற்றுப்பணிக்கு வழிசெய்தது. 1941 முதல் 1947 வரை ஏறத்தாழ 12,000 பேர் காடு வளர்ப்பு, மனநல மருத்துவமனைப் பணி முதலியவற்றில் ஈடுபட்டனர்; அவர்களுள் மென்னோனைட்டரே மிகுதியானோர்.

2006 அக்டோபர் 2 அன்று பென்சில்வேனியாவின் நிக்கல் மைன்ஸ் என்னும் ஊரில் ஆமிஷ் பள்ளியொன்றில் புகுந்த ஒருவன் பத்துச் சிறுமியரைச் சுட்டான்; ஐவர் இறந்தனர்; அவனும் தன்னைச் சுட்டு மாய்ந்தான். அன்றே ஆமிஷர் சிலர் அவனுடைய குடும்பத்தாரிடம் சென்று மன்னிப்பை அறிவித்தனர். அவனுடைய அடக்க ஆராதனையிலும் கலந்துகொண்டனர். மீசையை மழித்த முகத்தின் பொருள் அன்று உலகுக்கு விளங்கியது.

அடையாளமே ஆயுதமானபோது

ஐந்தே ஆண்டுகளில் இதற்கு மாறானதொன்றும் நிகழ்ந்தது. ஒகையோ மாநிலத்தின் பெர்கோல்ஸ் பகுதியில் பிற சபைகளிலிருந்து பிரிந்து வாழ்ந்த ஆமிஷ் குழுவொன்று, தம் மூப்பர் விதித்த விலக்கத்தைப் பிற ஆயர்கள் ஏற்கவில்லை என்ற சினத்தை நெடுங்காலம் வளர்த்துக்கொண்டது. 2011 இலையுதிர் காலத்தில் அக்குழுவினர் இரவில் வீடு புகுந்து, முதியோரைப் பிடித்து, குதிரைப் பிடரி வெட்டும் கத்தரியாலும் மின்கல எந்திரத்தாலும் தாடியை வெட்டினர். பெண்களின் கூந்தலும் வெட்டப்பட்டது. 2012 செப்டம்பரில் பதினாறு பேர் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டனர். சமயப் பகைமைக் குற்றம் என்ற தீர்ப்பை 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. ஏனைய குற்றங்களுக்காக 2015-இல் மறுதண்டனை விதிக்கப்பட்டது.

நீதிமன்றத்தின் கேள்வி, இதன் நோக்கம் சமயமா, குடும்பப் பகையா என்பது. திருச்சபையின் கேள்வி இன்னும் ஆழமானது. வெட்டியவர் முகத்திலும் மீசையில்லை. வாளை மறுத்ததற்குச் சான்றாக மேலுதட்டை மழித்தவரே கத்தரியை வாளாக ஏந்தினர். ஆனூன் தாவீதின் தூதுவர்க்குச் செய்ததை இவர்கள் தம் சொந்த மூப்பருக்குச் செய்தனர். தாடி எவ்வளவு பெரிதாக மதிக்கப்பட்டதோ, அவ்வளவு கொடிதாய் அதை வெட்டுவதும் அமைந்தது. அடையாளம் குறையின்றி நிலைத்திருந்தது. அது சுட்டிய பொருளோ அகன்றுவிட்டது.

நம் ஊழியத்துக்கு

இவ்வரலாற்றைக் கற்றபின் இரு எளிய முடிவுகளுக்கு நாம் விரையலாகாது. புற அடையாளங்கள் அனைத்தும் வீண் என்பது ஒன்று. அவற்றைக் கண்டிப்பாகக் காத்தால் நம்பிக்கையும் காக்கப்படும் என்பது மற்றொன்று. முதல் முடிவை ஹோபர் சகோதரரின் மரணம் மறுக்கிறது. அவர்கள் சீருடை என்னும் ஓர் உடைக்கு இணங்கியிருந்தால் உயிர் பிழைத்திருக்கலாம். இரண்டாம் முடிவைப் பெர்கோல்ஸ் மறுக்கிறது.

நற்செய்தி நூலில் நமக்கு வழிகாட்டும் குறிப்பொன்று உண்டு. பரிசேயர் தம் வஸ்திரத் தொங்கல்களைப் பெரிதாக்குவதை ஆண்டவர் கடிந்துகொள்கிறார் (மத்தேயு 23:5). பெரும்பாடுள்ள பெண் ஆண்டவரது வஸ்திரத்தின் ஓரத்தைத் தொட்டுக் குணமடைந்ததைச் சொல்லும் இடத்திலும் (9:20) கிரேக்க மூலத்தில் ‘கிராஸ்பெதோன்’ என்னும் அதே சொல்லே உள்ளது. ஆண்டவரும் அந்தத் தொங்கலை அணிந்திருந்தார். அதனை நீளமாக்கிக் காட்டவில்லை. துன்புற்ற ஒருத்தி அச்சமின்றி எட்டித் தொடக்கூடியதாய் அது இருந்தது.

நாமும் அடையாளங்கள் தரித்தவர்களே. வெள்ளை அங்கியும் கழுத்துப்பட்டையும் இடைக்கச்சையும் சிலுவையும் நம்மை மக்களினின்று வேறுபடுத்திக் காட்டுகின்றன. இவற்றின் நீளத்தையும் நிறத்தையும் பற்றி நம் கூட்டங்களில் வாதிடுகிறோம். சபைத் தேர்தலில் அணி திரண்டு, நீதிமன்றப் படிகளில் ஏறி, ஒருவரையொருவர் வீழ்த்த முற்படும்போதும் இவற்றை நாம் களைவதில்லை. முகத்தில் இல்லாவிடினும் உள்ளத்தில் முறுக்கிய மீசை ஒன்று நமக்கு உண்டு. அதனை நாள்தோறும் மழிப்பதற்கு எந்த ஒழுங்கை நாம் கைக்கொள்கிறோம்? திருவிருந்துக்கு முன் ஒப்புரவாகும் வழக்கம் ஆமிஷருக்கு உண்டு. அப்பத்தைப் பிட்டுத் தரும் நம் கைகளுக்கும் அதுவே முதற்கடமையாகும்.